ஆற்றங்கரை அயல் செடிகளை உயிரினங்களுக்குக் கேடின்றி அகற்றும் முறை

ஆற்றங்கரையை அடைத்து நிற்கும் சீமைக் கருவேல முள்ளை இயந்திரம் கொண்டு ஒரே வாரத்தில் வழித்தெடுத்துவிட்டால் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த மழைக்கு அந்தக் கரை சரிவதையும், அதற்கடுத்த கோடையில் அதே முள் முன்னைவிட நெருக்கமாக எழுவதையும் தமிழ்நாட்டின் பல ஆறுகளில் பார்க்கலாம். அயல் செடியை அகற்றுவது என்பது வெட்டுவதில் தொடங்குவதும் இல்லை, வெட்டியவுடன் முடிவதும் இல்லை. அந்தச் செடி கேடு செய்கிறது என்பது உண்மையாயினும், பல பத்தாண்டுகளாக அங்கேயே நின்றுவிட்டதால், கரை மண்ணைப் பிடித்திருப்பதும் பறவைக்குக் கிளை கொடுப்பதும் நீர்நாய்க்கு மறைப்புத் தருவதும் இன்று பல இடங்களில் அதுவாகவே இருக்கிறது. ஆகவே அந்த வேலைகளைச் செய்ய வேறொன்றை ஆயத்தப்படுத்திக்கொண்டே, துண்டு துண்டாக, வரிசை பார்த்து அகற்றுவதுதான் முறை.

இங்கே சொல்லப்படுவது தாமிரபரணியின் சமவெளிக் கரைகளை முதன்மையாகக் கொண்டது. காவிரிப் படுகைக்கும் வைகைக்கும் மாறுபடும் இடங்கள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஊராட்சியோ, பாசன விவசாயிகள் சங்கமோ, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோ தங்கள் ஊரை ஒட்டிய அரைக் கிலோமீட்டர் நீளக் கரையை எடுத்துக்கொண்டு சில ஆண்டுகள் தொடர்ந்து செய்யக்கூடிய வேலையாக இதைக் கருதலாம்.

முதலில் செடியை அறிதல்

கரையில் நிற்பவற்றுள் முதலிடம் சீமைக் கருவேலத்துக்கு. வேலிக்காத்தான், வேலிக்கருவை, சீமை உடை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் மரம் ஒன்றுதான். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் தாயகம். 1877ஆம் ஆண்டில் விறகுத் தேவைக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் அன்றைய சென்னை மாகாணத்தில் கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. வறட்சியையும் உப்பையும் தாங்குவது, வெட்ட வெட்டத் துளிர்ப்பது, கால்நடையின் சாணத்தோடு விதை பரவுவது என்னும் மூன்று இயல்புகளால் அது ஆற்றுப்படுகை வரை இறங்கிவிட்டது.

நாட்டுக் கருவேல மரத்தை இதனோடு சேர்த்து வெட்டிவிடுவதுதான் இத்தகைய பணிகளில் அடிக்கடி நேரும் பெரும் இழப்பு. நாட்டுக் கருவேலின் பட்டை கருத்து, ஆழமாக வெடித்திருக்கும். பூ உருண்டையாக, பொன்மஞ்சள் நிறத்தில் இருக்கும். காய் ஒவ்வொரு விதைக்கும் இடையே இறுகி, மணிகளைக் கோத்தது போலத் தொங்கும். சீமைக் கருவேலின் பூவோ வெளிர்மஞ்சள் கதிராக நீண்டிருக்கும். காய் தட்டையாக, விளிம்பு நேராக ஓடி, பழுத்தால் வைக்கோல் நிறம் கொள்ளும். பூவும் காயும் இல்லாத காலத்தில் பட்டையைப் பார்த்து முடிவு செய்யலாம். ஐயம் இருந்தால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். நாட்டுக் கருவேல், மருது, புங்கன், நாவல் ஆகியவற்றின் அடிமரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிட்டு, பட்டை அடித்த மரத்தில் கத்தி படக்கூடாது என்று வேலையாட்களிடம் சொல்லிவிடுவது எளிய பாதுகாப்பு.

இரண்டாவது நெய்வேலிக் காட்டாமணக்கு. வெளிர் ஊதா நிறத்தில் புனல் வடிவப் பூவும், இதய வடிவ இலையும், ஒடித்தால் பாலும் கொண்ட இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. தண்ணீரின் ஓரத்தில் வேலிபோல் நின்று, வண்டலைத் தேக்கி, வாய்க்காலின் அகலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிடும். மாடுகள் இதைத் தொடுவதில்லை; தீவனம் இல்லாத காலத்தில் ஆடுகள் தின்று பழகினால் நடை தடுமாறி நலிந்துபோகும். மூன்றாவது அமேசான் படுகையைத் தாயகமாகக் கொண்ட ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை). சூபாபுல், பார்த்தீனியம், உண்ணிச்செடி ஆகியவையும் கரைமேட்டில் இருக்கும். அவை கைவேலையில் அடங்குபவை.

சம்பு, நாணல், கோரை, தாழை ஆகியவற்றைப் புதர் என்று கருதி அகற்றவே கூடாது. அவை நம் ஆறுகளுக்கே உரியவை. தாழைக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் மறைந்து கூடு வைப்பது அவற்றில்தான். “சுத்தம் செய்கிறோம்” என்று தொடங்கும் பல பணிகள் அயல் செடியோடு இவற்றையும் சேர்த்து அழித்துவிடுவதால், முதல் நாளிலேயே இந்த வேறுபாட்டை எல்லோருக்கும் செடியைக் காட்டி விளக்கிவிட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் கரையைப் படித்தல்

எடுத்துக்கொண்ட கரையைக் காலையிலும் மாலையிலும் நடந்து பார்த்து, ஒரு தாளில் வரைபடமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பறவையியல் பட்டம் தேவையில்லை. அந்தக் கரையில் ஆடு மேய்ப்பவரையும் மீன் பிடிப்பவரையும் உடன் அழைத்துச் செல்வது போதும், பெரும்பாலும் அதுவே சிறந்ததும்கூட.

செங்குத்தான மண்கரையில் கைமுட்டி நுழையும் அளவில் துளைகள் இருந்தால் அவை மீன்கொத்தியுடையவையோ பஞ்சுருட்டானுடையவையோ ஆகலாம். துளையின் வாயில் எச்சம் வழிந்திருந்தாலும், கீழே மீன்முள்ளோ தும்பியின் சிறகுகளோ சிதறிக் கிடந்தாலும் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று கொள்ளலாம். அந்தத் துளைக்கு மேலே நிற்கும் முள்மரத்தை வேரோடு இழுத்தால் கூடு இடிந்துவிடும். பாறை மீதும் மணல் திட்டிலும் மீன்செதில் நிறைந்த எச்சம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிடந்தால் அங்கே நீர்நாய் வருகிறது என்று பொருள். அது வேர்களுக்கு அடியிலும் அடர்ந்த புதருக்குள்ளும் வளை வைத்துக் குட்டி போடும். ஆகவே எச்சம் கண்ட இடத்தின் இரு பக்கமும் நல்ல நீளத்துக்குப் புதரை அப்படியே விட்டு, கடைசி ஆண்டில் மட்டுமே அதைத் தொட வேண்டும். மணற்சரிவுகளில் ஆமைகள் முட்டையிடும். கொள்ளிடக் கரைகளிலும் அமராவதிப் பகுதியிலும் முதலை உண்டு. அது மாசி, பங்குனி மாதங்களை ஒட்டி மணற்கரையில் குழி தோண்டி முட்டையிடும் என்பதால், அங்கே வனத்துறையினர் உடன் வராமல் இறங்குவது மனிதருக்கும் நல்லதன்று, முதலைக்கும் நல்லதன்று.

மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியவை ஆற்றின் நடுவே உள்ள திட்டுகள். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் பூனையும் நாயும் எட்டாத அந்த இடங்களில் வக்காவும் கொக்கும் நீர்க்காகமும் சங்குவளை நாரையும் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. கூடு எந்த மரத்தில் என்று அவை பார்ப்பதில்லை. சீமைக் கருவேலமாயினும் கிளை தாங்கினால் போதும். இத்தகைய திட்டில் உள்ள முள்ளை, அதனருகிலேயே நாட்டுக் கருவேலும் மருதும் வளர்ந்து கூடு தாங்கும் பருவம் எய்தும்வரை தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேண்டுமானால் காய்களை மட்டும் பொறுக்கி அகற்றலாம். கூடுகளையும் முட்டைகளையும் அழிப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

பழைய கரைமரங்கள் எத்தகைய வாழ்விடம் என்பதை அறிய விரும்புவோர் திருப்புடைமருதூருக்குச் செல்லலாம். தாமிரபரணிக் கரையில் மருதைத் தலமரமாகக் கொண்ட நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மரங்களில் நீர்ப்பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் அடைவதால், 2005ஆம் ஆண்டில் அந்த இடம் பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. முள்ளை அகற்றியபின் கரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தோப்பை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அனுமதி

ஆறும் கரைப் புறம்போக்கும் அரசுடையவை. நீர்வளத்துறையின் உதவிப் பொறியாளர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் ஆகியோருக்கு வரைபடத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். காப்புக்காடு எனில் வனத்துறை மட்டுமே முடிவு செய்யும். அயல் தாவரங்களை அகற்றி வாழ்விடங்களை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் வெளியிட்டிருப்பதால், விண்ணப்பத்தில் அதனைச் சுட்டலாம்.

காலத்தைத் தேர்தல்

தாமிரபரணிக் கரையில் பெருமரங்களை வெட்ட ஆடி நடுவிலிருந்து புரட்டாசி நடுவரை உள்ள காலமே பொருத்தமானது. தை தொடங்கி ஆனி வரை நாரைகளும் கொக்குகளும் கூட்டில் இருக்கும். கோடையில் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் கரைத்துளையில் இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். இந்த இடைவெளியிலும் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீரின் மேல் சாய்ந்த முட்கிளையில் கூடு தொங்கினால் அந்த மரத்தை மட்டும் அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சீமைக் கருவேலின் காய்கள் மிகுதியாகப் பழுப்பது கோடையில் என்பதால், ஆடியில் வெட்டும்போது விதை ஏற்கெனவே மண்ணில் விழுந்திருக்கும். எனவே வெட்டப்போகும் பகுதியில் சித்திரை, வைகாசி மாதங்களிலேயே காய்களைப் பொறுக்கிவிட வேண்டும். காயை முழுதாக மாட்டுக்குப் போட்டால் விதை சாணத்தில் கெடாமல் வெளிவந்து முன்னைவிட விரைவாக முளைக்கும். விதை நொறுங்க அரைத்துத் தீவனத்தோடு கலந்தால் அந்த அச்சம் இல்லை.

காவிரிப் படுகையில் கணக்கு வேறு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுவதால், ஆற்றில் இறங்க முடிவது அணை மூடியிருக்கும் மாதங்களில்தான். அங்கே அணை மூடியவுடன், தை இறுதியிலிருந்து மாசி நடுவுக்குள் வேலையை முடித்துக்கொள்வது கரைத்துளைப் பறவைகளுக்கு ஓரளவு பாதுகாப்பானது. திறப்புத் தேதி நெருங்கிய பிறகு வைகாசியில் அவசர அவசரமாகச் செய்யப்படும் வேலைதான் மிகுந்த சேதம் விளைப்பது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் வைகையின் கீழ்ப்பகுதியில் காலம் அவ்வளவு நெருக்குவதில்லை.

முள்ளை அகற்றுதல்

விதையும் தண்டும் தண்ணீரோடு கீழே போகும். ஆகையால் எடுத்துக்கொண்ட நீளத்தின் மேல்முனையிலிருந்து தொடங்கி, நீரோட்டத்தின் திசையில் கீழ்நோக்கி வர வேண்டும். ஒரே ஆண்டில் இரு கரையையும் வெறுமையாக்கக் கூடாது. ஒரு கரையில் ஐம்பது மீட்டர் வெட்டினால் அடுத்த ஐம்பது மீட்டரை விட்டுவைத்து, விட்டதை மறு ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ எடுப்பது நல்லது. நாலாபுறமும் சூழ்ந்து வெட்டாமல், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நகர்ந்தால், உடும்பும் கீரியும் முயலும் மயிலும் நிற்கும் புதருக்குள் விலகிக்கொள்ள வழி இருக்கும். வெட்டத் தொடங்கும் முன் கழியால் புதரைத் தட்டி, சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இத்தகைய புதரடியில் கிடப்பவை. அருகில் எந்த அரசு மருத்துவமனையில் பாம்புக்கடி நஞ்சுமுறி மருந்து இருக்கிறது என்பதை வேலைக்கு முன்னரே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சீமைக் கருவேல முள் டயரையே குத்தி இறங்கும் என்பதால், தடித்த அடியுடைய காலணியும் தோல் கையுறையும் இல்லாதவரை இறக்கக்கூடாது.

சீமைக் கருவேலைத் தரையோடு வெட்டுவது அதற்குக் கவாத்து செய்வதற்கு ஒப்பாகும். மண்ணுக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் சேரும் அடித்தூரில் உறங்கும் மொட்டுகள் இருப்பதால், ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தண்டுகள் எழும். சமதளமான மேட்டிலும் படுகையிலும், சுற்றிலும் மண்ணைப் பறித்து, தரைமட்டத்துக்கு ஓர் அடி ஆழத்துக்காவது கீழே வேரை அறுத்து, அடித்தூரை முழுதாகக் கடப்பாரையால் நெம்பி எடுக்க வேண்டும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது இது எளிது. பொக்லைன் இயந்திரத்தை இத்தகைய சமதளத்தில் மட்டும் பயன்படுத்தலாம்.

கரைச்சரிவில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. அங்கே தூரைப் பிடுங்கினால் அந்தக் குழியிலிருந்தே வெள்ளம் கரையை அறுக்கும். எனவே மரத்தைத் தாழ வெட்டி, தூரை மண்ணிலேயே விட்டு, வரும் துளிரை மாதம் ஒருமுறை அரிவாளால் கழித்துக்கொண்டே, தூர்களுக்கு இடையே நாட்டுச் செடிகளை நட வேண்டும். இளம் சீமைக் கருவேல் நிழலில் செழிக்காது. நட்டவை குடை விரித்ததும் தூர் மெல்ல வலுவிழக்கும். மெதுவான வழிதான், ஆயினும் சரிவில் இதைவிட நல்ல வழி இல்லை. தூரின்மேல் களைக்கொல்லியோ, பழைய எஞ்சின் எண்ணெயோ ஊற்றும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகள் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் நாட்டில் அதை எண்ணிப்பார்க்கவே கூடாது.

வெட்டிய மரத்துக்கு விலை உண்டு. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டத் தொழில் இந்த மரத்தை நம்பியே நடக்கிறது. ஏலத்தில் எடுப்பவர் பெரிய தண்டுகளை ஏற்றிக்கொண்டு, சிறு முள்ளையும் தூரையும் விட்டுச் செல்வது இயல்பு. ஆகவே சமதளத்தில் தூரையும் எடுத்துக் குழியை மூடினால்தான் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும் என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். மிஞ்சிய முள்ளைக் கரையிலேயே கொளுத்தக் கூடாது. நெருப்பில் சாவது முள்ளுக்குள் ஒளிந்த ஆமையும் ஓணானும் மட்டுமன்று. அருகில் காத்து வைத்த நாணலும் எரிந்துபோகும். முட்களை வெள்ளம் எட்டாத மேட்டில் வரிசையாக அடுக்கினால், புதிய கன்றுகளை ஆட்டிடமிருந்து காக்கும் வேலியாகும்.

காட்டாமணக்கைப் பொறுத்தவரை விதி ஒன்றே: ஒரு துண்டுகூடத் தண்ணீரில் விழக்கூடாது. ஒவ்வொரு கணுவும் வேர்விடும். நீர் குறைந்த காலத்தில் வேரோடு பிடுங்கி, மேட்டுக்குக் கொண்டுபோய், வேர் வெயிலில் படும்படி கவிழ்த்துக் காயவைத்தால் போதும். பால் தோலிலும் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகாயத்தாமரை

வேலை தொடங்கும் முன் கீழ்ப்புறத்தில் மூங்கில்களைக் கயிற்றால் பிணைத்து மிதக்கும் தடுப்பாகக் குறுக்கே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அறுந்த கொத்துகள் அடுத்த அணைக்கட்டில் போய்க் குடியேறும். அள்ளியதை உடனே டிராக்டரில் ஏற்றாமல், தண்ணீரின் விளிம்பிலேயே மெல்லிய அடுக்காகப் பரப்பி ஓரிரு மணிநேரம் விட்டால், வேர்ச்சிக்கலில் இருக்கும் மீன்குஞ்சுகளைப் பொறுக்கித் தண்ணீரில் விடலாம். நத்தை, தவளை, தண்ணீர்ப்பாம்பு, சிறு ஆமை ஆகியவை தாமே ஆற்றுக்குத் திரும்பும். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே என்பதால், பின்னர் மேட்டில் காயவிட்டால் வண்டிச் செலவும் வெகுவாகக் குறையும். இலைக்கோழியும் தாழைக்கோழியும் இதன்மீதே கூடு வைப்பதுண்டு; கூடு கண்டால் சுற்றிலும் ஒரு பரப்பை விட்டுவிட்டு, குஞ்சுகள் வெளியேறிய பின் எடுக்கலாம்.

இதை அழிப்பதற்காக 1980களின் தொடக்கத்தில் தென் அமெரிக்கக் கூன்வண்டுகள் பெங்களூரில் இறக்குமதி செய்யப்பட்டு விடப்பட்டன. தேங்கிய ஏரிகளில் அவை பயன் தந்தாலும், ஆண்டுதோறும் வெள்ளம் வாரிச் செல்லும் ஆற்றில் அவற்றை மட்டும் நம்ப முடியாது. அதைவிட முக்கியமானது, இந்தச் செடியைக் கொழுக்க வைப்பது சாக்கடை நீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் என்பது. நகரக் கழிவுநீர் ஆற்றில் கலக்கும் வாய்க்கு நேர் கீழே எத்தனை முறை அள்ளினாலும் சில வாரங்களில் மூடிவிடும். அங்கே அள்ளுவதற்கு ஆகும் பணத்தைவிட, கழிவுநீர் வாயை அடைக்கச் சொல்லி எழுதும் மனுக்கள் பயனுள்ளவை. அத்தகைய இடத்தில் எடுத்ததைக் காய்கறிக்கு உரமாக்கக் கூடாது. தூய நீரில் எடுத்தது நல்ல மட்குரமாகும்.

நடுதலும் பின்தொடர்தலும்

வெறுமையான மண்ணை நிரப்ப முந்திக்கொள்வது அயல் செடிதான். எனவே வெட்டும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே நாற்றங்கால் போட்டிருக்க வேண்டும். வெள்ளம் ஏறும் கீழ்ச்சரிவில் ஐப்பசியில் நட்டால் கன்று அடித்துச் செல்லப்படும். அங்கே வெள்ளம் வடிந்த தை மாதத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போது வெட்டிவேர்த் தூர்களையும் நாணலையும் நெருக்கமாக வைத்து, அதற்குச் சற்று மேலே நொச்சிப் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டுகளை) ஊன்றினால், அடுத்த மழைக்குள் வேர் இறங்கிவிடும். நொச்சியை ஆடுமாடு கடிக்காது என்பது கூடுதல் நன்மை. மேல்கரையில் ஐப்பசி மழையோடு மருது, புங்கன், நாவல், இலுப்பை, அத்தி ஆகியவற்றை நடலாம். நாட்டுக் கருவேலைத் திட்டுகளுக்கும் நீர் தேங்கும் தாழ்விடங்களுக்கும் ஒதுக்கலாம். நீரில் நின்று தாங்கும் மரம் அது. அலங்காரத்துக்காகக் குல்மோகர், தூங்குமூஞ்சி போன்றவற்றைக் கரையில் வைப்பதால் பயனில்லை. மீன்கொத்திகள் துளையிடும் செங்குத்து மண்முகத்தில் எதையும் நடாமல், வெறும் மண்ணாகவே விட வேண்டும்.

முதலாண்டில் மழைக்குப் பின் மாதம் ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு மும்முறையும் கரையை நடந்து, சீமைக் கருவேலின் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். விரலளவு இருக்கும்போது ஈர மண்ணில் கையாலேயே வந்துவிடும். ஓராண்டு விட்டால் கடப்பாரை வேண்டும். விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும் என்பதால், ஐந்தாண்டுக்குக் குறைந்த திட்டத்தைத் தொடங்குவதில் பொருளில்லை. நிதியிலும் பாதியை வெட்டுக்கூலிக்குப் பின்னுள்ள ஆண்டுகளுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை நடக்கும்போதும் முதல் வரைபடத்தின் நகலில் துளைகள், எச்சங்கள், கூடுகள் ஆகியவற்றைப் புதிதாகக் குறித்து வர வேண்டும். அடுத்து எந்த ஐம்பது மீட்டரை எடுப்பது, எதை இன்னும் ஓராண்டு விட்டுவைப்பது என்பதை முடிவு செய்ய அந்தத் தாள்களையே பயன்படுத்தலாம்.